‘பிக்மேலியன்’ நாடகத்தில் பாட்டுக்கு இடம் எங்கே கிடைத்தது? (மேடை நாடகம் பிராட்வே மியூசிக்கல் ஆவது பற்றி)

அரங்கப்பிரியன்:

பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தையும் அதிலிருந்து பிறந்த ‘மை ஃபேர் லேடி’ மியூசிக்கலின் (பாட்டும் நடனமும் சேர்ந்த மேடை நாடகம்) பிரதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு காட்சி காட்சியாக ஒப்பிட்டுப் படித்துவருகிறேன். இதைப் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்றுதான் இந்த இழை.

பூக்காரப் பெண் எலைசாவைச் சில மாதங்களில் சீமாட்டி போலப் பேசவைத்துக் காட்டுகிறேன் என்று ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸ் பந்தயம் கட்டும் கதை எல்லோருக்கும் தெரியும். மியூசிக்கல் 1956 மார்ச் 15 அன்று நியூயார்க்கின் மார்க் ஹெலிங்கர் தியேட்டரில் தொடங்கி 2,717 காட்சிகள் ஓடியது, அதுவரை பிராட்வேயில் (நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள வட்டாரம்) எந்த மியூசிக்கலும் அவ்வளவு ஓடியதில்லை. ஆனால் அதற்கு முன்னால் இந்த நாடகத்தைத் தொட்டவர்கள் எல்லாம் தோற்றுத்தான் திரும்பினார்கள். பாடலாசிரியர் ஆலன் ஜே லெர்னரும் இசையமைப்பாளர் ஃப்ரெடரிக் லோவும் 1952இலேயே முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டவர்கள். ‘ஓக்லஹோமா!’ செய்த ரிச்சர்ட் ரோட்ஜர்ஸ், ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் ஜோடியும் இதோடு ஒரு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டிவிட்டு முடியாது என்று விட்டுவிட்டதாக லெர்னர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

ஏன் முடியவில்லை? ஷாவின் நாடகம் முழுக்கப் பேச்சு. ஐந்து அங்கங்கள், அதில் நான்கு வீட்டு அறைக்குள்ளேயே நடக்கின்றன. காதல் ஜோடி கிடையாது, கிளைக்கதை கிடையாது, சேர்ந்து பாட ஒரு கூட்டம் கிடையாது. அன்றைய மியூசிக்கல் இலக்கணப்படி இந்த மூன்றும் இல்லாமல் ஒன்றும் நகராது. அதனால் வந்தவர்கள் எல்லாம் எதையாவது ஒட்டப் பார்த்தார்கள், ஷாவின் கட்டுமானம் ஒட்டவிடவில்லை.

1954இல் லெர்னரும் லோவும் மறுபடி உட்கார்ந்தபோதுதான் வழி தெரிந்தது. நாடகத்தை நீட்டவும் வேண்டாம், கிளைக்கதை சேர்க்கவும் வேண்டாம், ஓர் அங்கத்துக்கும் அடுத்த அங்கத்துக்கும் நடுவில் நடந்தவற்றை மேடைக்குக் கொண்டுவந்தால் போதும். யோசித்துப் பாருங்கள், ஷாவின் மூல நாடகத்தில் பாடம் நடப்பதை நாம் பார்ப்பதே இல்லை. எலைசா ஹிக்கின்ஸ் வீட்டுக்கு வருகிறாள், திரை விழுகிறது, அடுத்த அங்கத்தில் ஹிக்கின்ஸின் அம்மா வீட்டு வரவேற்பறையில் பாதி தேறியவளாக வந்து நிற்கிறாள். அவள் ஜெயித்துக் காட்டும் அந்தப் பெரிய விருந்தும் திரைக்குப் பின்னால்தான். நாலாம் அங்கம் தொடங்கும்போது எல்லாம் முடிந்து, நள்ளிரவில் களைத்துப்போய் வீடு திரும்புகிறார்கள். கதையின் மிகப் பெரிய இரண்டு சம்பவங்களை ஷா காட்டவே இல்லை! அவருக்கு அதற்குப் பிறகு வரும் சண்டைதான் முக்கியம். மியூசிக்கல் அந்த இரண்டு பள்ளங்களுக்குள்ளும் இறங்கியது.

என் கட்சி இதுதான்: நாடகத்தில் ஏற்கெனவே நன்றாகப் பேசப்பட்டதை எடுத்து மெட்டுப் போட்டால் வேலைக்கு ஆகாது. நாடகாசிரியர் எங்கே பேசாமல் தாண்டிப் போனாரோ அங்கேதான் பாட்டுக்கு இடம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

பழைய_ரிக்கார்டு:

நல்ல இழை. ஆனால் அந்தப் பள்ளங்களை முதலில் கண்டுபிடித்தவர் என்ற பெயரை லெர்னருக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 1938இல் கேப்ரியல் பாஸ்கல் தயாரித்த ‘பிக்மேலியன்’ திரைப்படத்திலேயே பாடக் காட்சிகளும் நடன விருந்தும் வந்துவிட்டன. ஸ்பெயினில் மழை பெய்யும் அந்த உச்சரிப்புப் பயிற்சி வரியே அந்தப் படத்திலிருந்து வந்ததுதான். திரைக்கதையில் ஷாவின் கையும் இருந்தது, அதற்காக அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. மியூசிக்கலின் கட்டமைப்பு பாதிக்கு மேல் படத்தின் கட்டமைப்பு.

இன்னொன்று. ஷா உயிரோடு இருந்தவரை இது நடந்திருக்காது. அவருடைய ‘ஆர்ம்ஸ் அண்ட் த மேன்’ நாடகத்தை வைத்து 1908இல் வியன்னாவில் ஆஸ்கர் ஸ்ட்ராஸ் ஓர் ஆப்பரெட்டா (லேசான இசை நாடகம்) போட்டார், ஆங்கிலத்தில் ‘த சாக்லெட் சோல்ஜர்’ என்று உலகம் சுற்றியது. ஷாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. அதற்கப்புறம் தன் நாடகங்களுக்கு இசை போட யார் கேட்டாலும் முடியாது என்றுதான் பதில். 1950 நவம்பரில் அவர் காலமான பிறகுதான் பாஸ்கல் ஒவ்வொரு இசையமைப்பாளர் வீட்டுக் கதவாகத் தட்ட ஆரம்பித்தார். அவரும் 1954இல் இறந்துபோனார், தன் கனவு மேடையேறியதைப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

தேன்மொழி_கோவை:

அரங்கப்பிரியன், இடைவெளி பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் முடிவை என்ன செய்தார்கள் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஷா எழுதியது ஒரு பெண் தன்னை உருவாக்கியவனை விட்டு வெளியேறும் நாடகம். 1914இல் லண்டனில் ஹிக்கின்ஸாக நடித்த ஹெர்பர்ட் பியர்போம் ட்ரீ திரை விழும் நேரத்தில் எலைசாவை நோக்கிப் பூ வீசி, அதைக் காதல் கதை போல முடித்தார் என்று ஷா கொதித்துப்போனார். அதோடு விடாமல் 1916இல் அச்சில் ஒரு பின்னுரையே எழுதினார், எலைசா ஹிக்கின்ஸைக் கட்டிக்கொள்ள மாட்டாள், அவள்மேல் ஆசைப்படும் ஃப்ரெடியைத்தான் கட்டிக்கொள்வாள் என்று விலாவாரியாக. ஆசிரியர் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டுப் போன பிறகும் மியூசிக்கலில் அவள் திரும்பி வருகிறாள், அவன் தொப்பியை முகத்தில் சரித்துக்கொண்டு செருப்பு எங்கே என்று கேட்கிறான், திரை. இதையும் ‘இடைவெளிக்குள் இறங்கியது’ என்பீர்களா? எனக்கு அது ஆசிரியரின் வாயைப் பொத்தியது போலத்தான் இருக்கிறது.

புதியவன்77:

இதை எல்லாம் படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. நான் மியூசிக்கல் பக்கம் புதிது. ஒரு சந்தேகம். பேச்சில் அடங்காத அளவு உணர்ச்சி பொங்கும்போது பாட்டு வர வேண்டும் என்று எங்கோ படித்தேன். அப்படியென்றால் நாடகத்தின் உச்சக் காட்சியில்தானே பாட்டு இருக்க வேண்டும்? அரங்கப்பிரியன் அண்ணா சொல்வது அதற்கு நேர் எதிராக இருக்கிறதே?

மேடைக்குப்பின்:

புதியவன், உச்சக் காட்சி என்றால் கண்டிப்பாகப் பாட்டு என்று ஒரு விதியும் இல்லை. ‘ரோமியோ ஜூலியட்’டிலிருந்து வந்த ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யை எடுத்துக்கொள்ளுங்கள் (1957). பால்கனி நியூயார்க் கட்டடத்தின் இரும்புத் தீயணைப்புப் படிக்கட்டாக மாறியது, அங்கே பாட்டு இருக்கிறது, சரி. ஆனால் கடைசியில் நாயகன் டோனி செத்துக் கிடக்கிறான், நாயகி மரியா துப்பாக்கியை எடுத்து எல்லோரையும் பார்த்துப் பேசுகிறாள். லெனார்ட் பெர்ன்ஸ்டைன் அந்தப் பேச்சுக்கு இசை போடப் பலமுறை முயன்றும் எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் ஆர்தர் லாரன்ட்ஸ் எழுதிய வசனமாகவே விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் பாட்டு இல்லாததால்தான் நெஞ்சில் அறைகிறது. சுற்றி எல்லாமே பாடியிருக்கும்போது ஒருத்தி பாடாமல் நின்றால் அதற்கு இருக்கும் பலமே தனி.

‘மை ஃபேர் லேடி’க்கே வருகிறேன். வெளியூர் முன்னோட்டம் 1956 பிப்ரவரியில் நியூ ஹேவனில் நடந்தது. ரெக்ஸ் ஹாரிசன் அதற்கு முன் மியூசிக்கலில் நடித்தவரில்லை, பியானோவை மட்டும் வைத்து ஒத்திகை பார்த்துப் பழகிவிட்டார். முழு ஆர்கெஸ்ட்ரா வந்து உட்கார்ந்ததும் தன் மெட்டு எங்கே இருக்கிறது என்றே காதில் விழவில்லை. முதல் நாள் பிற்பகல், இன்றைக்கு மேடையேற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வெளியே பனிப்புயல், டிக்கெட் வாங்கியவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். எப்படியோ பேசிச் சமாதானப்படுத்தி அன்றிரவு மேடையேற்றினார்கள்.

நீளம்தான் அடுத்த பிரச்சினை. ஆஸ்காட் குதிரைப் பந்தயத்தில் மேட்டுக்குடியினர் முன்னால் எலைசா சொதப்பிய பிறகு, அவளை நடன விருந்துக்கு வரச்சொல்லி ஹிக்கின்ஸ் பாடும் ஒரு பாட்டு, அவளைத் தயார்ப்படுத்தும் ஒரு பெரிய நடனம், புறப்படும் முன் அவள் பாடும் ஒரு பாட்டு என்று வரிசையாக மூன்று உருப்படி வைத்திருந்தார்கள். மூன்றையும் தூக்கி எறிந்தார்கள். கடைசிப் பாட்டைப் பிறகு ‘ஜீஜி’ படத்தில் பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவு நல்ல பாட்டு. அந்த இடத்தில் இப்போது இருப்பது என்ன தெரியுமா? எலைசா விருந்து உடையில் மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். ஹிக்கின்ஸ் ஒரு வாய் மது குடித்துவிட்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போகிறான். நிற்கிறான். திரும்பி வந்து அவளுக்குக் கை நீட்டுகிறான். அவ்வளவுதான். அரங்கப்பிரியன், உங்கள் கணக்குப்படி அது ஷா காட்டாமல் விட்ட இடம், பாட்டுக்கு இடம் இருந்தது, மூன்று பாட்டு போட்டும் பார்த்தார்கள். வேலை செய்தது அந்தக் கைதான்.

அரங்கப்பிரியன்:

மேடைக்குப்பின், இந்தக் கை நீட்டும் விஷயத்தை எழுதியதற்கு நன்றி. இடைவெளி எல்லாமே பாட்டாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, இடைவெளிக்குள் போனால்தான் கதாபாத்திரத்துக்குச் செய்வதற்குப் புதிதாக ஏதாவது கிடைக்கும் என்கிறேன். அந்தக் கை நீட்டலும் ஷாவின் பிரதியில் இல்லாததுதானே.

பாடக் காட்சியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது ஏன் அவ்வளவு அழகாக அமைந்தது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நடுராத்திரி தாண்டிவிட்டது. எல்லோருக்கும் தலைவலி. எலைசாவுக்கு நாக்கு சுழலவே மாட்டேன் என்கிறது. அதுவரை திட்டிக்கொண்டே இருந்த ஹிக்கின்ஸ் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தி, தான் நேசிக்கும் மொழியின் பெருமையைப் பற்றி அவளிடம் ஓர் ஆளிடம் பேசுவது போலப் பேசுகிறான். அந்தப் பேச்சு இசை இல்லாத வெறும் வசனம். அது முடிந்ததும் அவள் மெதுவாக அந்த மழை வரியைச் சரியாகச் சொல்கிறாள். அவன் நம்பாமல் இன்னொரு முறை சொல்லச் சொல்கிறான். சொல்கிறாள். அந்தச் சொல்லிலேயே தாளம் பிறந்து, அது ஸ்பானிஷ் நடனமாக மாறி, பேராசிரியரும் அவருடைய நண்பர் கர்னல் பிக்கரிங்கும் பூக்காரியும் சேர்ந்து ஆடி சோபாவில் விழுகிறார்கள். மாதக்கணக்கான உழைப்பு ஒரே காட்சியில் முடிகிறது. உச்சரிப்புப் பயிற்சியே பாட்டின் வரி, பயிற்சியில் ஜெயித்ததே பாட்டு தொடங்கக் காரணம். ‘இப்போது ஒரு பாட்டு வரப்போகிறது’ என்று யாருக்கும் தோன்றவே தோன்றாது. நம் சினிமாவில் பாட்டுக்கு சிச்சுவேஷன் தேடுவார்களே, இங்கே சிச்சுவேஷனே பாட்டாகிவிட்டது.

கூட்டம் இல்லாத குறையையும் இதே வழியில்தான் தீர்த்தார்கள். மூன்றாம் அங்கத்து வரவேற்பறையை ஆஸ்காட் குதிரைப் பந்தய மைதானத்துக்கு மாற்றினார்கள். சேர்ந்து பாட மேட்டுக்குடிக் கூட்டம் கிடைத்துவிட்டது. செசில் பீட்டன் அவர்களுக்குக் கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக உடை தைத்தார். குதிரைகள் பறக்கின்றன, இவர்கள் சிலை மாதிரி நின்றுகொண்டு, எவ்வளவு பரபரப்பாக இருக்கிறது என்று அசையாத முகத்தோடு பாடுகிறார்கள். வர்க்கத்தைப் பற்றி ஷா பக்கம் பக்கமாகச் சொன்னதை ஒரு நிற்கும் தோரணையிலேயே காட்டியாகிவிட்டது. எலைசா அங்கே போட்டி வேகத்தில் தன்னை மறந்து குதிரையைப் பார்த்துப் போடும் கூச்சலும் நல்ல மாற்றம். ஷாவின் மூன்றாம் அங்கத்தில் அவள் சொல்லும் கெட்ட வார்த்தை 1914இல் லண்டனையே உலுக்கியது, 1956இல் அதற்கு யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வார்த்தையை மாற்றி, அதிர்ச்சியைக் காப்பாற்றினார்கள். மூலத்துக்கு உண்மையாக இருப்பது என்றால் எனக்கு இதுதான்.

எலைசாவின் அப்பா டூலிட்டில் நாடகத்தில் இரண்டு முறைதான் வருவார், இரண்டு முறையும் பேசித் தீர்த்துவிட்டுப் போவார். மியூசிக்கலில் அவரை அவருடைய தெருவிலும் சாராயக் கடை வாசலிலும் போய்ப் பார்க்கிறோம், கூட்டாளிகளோடு பாடுகிறார். இரண்டாவது கூட்டமும் கிடைத்தது, அதுவும் நேர் எதிர் வர்க்கத்துக் கூட்டம்.

தேன்மொழி, முடிவைப் பற்றி: செருப்புக் கேள்வி 1938 படத்திலேயே இருக்கிறது, லெர்னர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அது ஷாவின் விருப்பத்துக்கு விரோதம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள், மியூசிக்கல் முழுக்க ஹிக்கின்ஸ் ஒரு இடத்தில்கூடக் காதல் என்று வாய் திறப்பதில்லை. கடைசிப் பாட்டில் அவன் ஒப்புக்கொள்வதெல்லாம் அவள் முகம் தனக்குப் பழகிப்போய்விட்டது என்பது மட்டும்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவனால் சொல்ல முடியவில்லை. அந்தப் பாட்டை எழுதியவர் ஷாவை நன்றாகப் படித்தவர்.

தேன்மொழி_கோவை:

பாட்டு அருமை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பாட்டு அவனுடையது. அவனுக்குக் கடைசியில் தனியாக ஒரு முழுப் பாட்டு கொடுத்துவிட்டு, அவளைச் சத்தமில்லாமல் உள்ளே வந்து நிற்கவைத்தால் பார்ப்பவர்கள் மனசு யார் பக்கம் சாயும்? மியூசிக்கலில் பாட்டு யாருக்கு என்பதே ஒரு தீர்ப்பு. ‘நீ இல்லாமலும் பூமி சுற்றும்’ என்ற அர்த்தத்தில் அவள் பாடும் பாட்டுக்கு நடுவில் புகுந்து, இவளை இப்படி ஆக்கியது நான்தான் என்று அவன் பெருமையடிக்கிறானே, அப்போதே எனக்குக் கோபம் வந்துவிடும்.

2018இல் லிங்கன் சென்டரில் பார்ட்லெட் ஷெர் இயக்கியபோது இதைக் கையாண்ட விதம்தான் எனக்குச் சரி. வசனத்தில் கை வைக்கவில்லை. அவன் செருப்பைக் கேட்கிறான். அவள் அவன் முகத்தைத் தொட்டுவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, பார்வையாளர்களுக்கு நடுவே நடந்து வெளியே போய்விடுகிறாள். 1914இல் ஒரு நடிகர் பூ வீசி மாற்றிய முடிவை 2018இல் ஒரு நடிகை நடந்தே திருத்தினாள். ஷாவின் பின்னுரைக்கு மரியாதை கிடைக்க நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

மேடைக்குப்பின்:

தேன்மொழி சொன்ன ‘பாட்டு யாருக்கு என்பதே தீர்ப்பு’ இந்த இழையிலேயே நல்ல வரி. என் ஒத்திகைக் குறிப்பில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் அரங்கப்பிரியனின் கட்சிக்கு நேர் எதிரான உதாரணம் ஒன்று இருக்கிறது. ‘கேரசல்’. ஹங்கேரிய நாடகாசிரியர் ஃபெரென்க் மோல்நாரின் ‘லிலியோம்’ (புடாபெஸ்ட், 1909) நாடகத்தை ரோட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு மாற்றி 1945 ஏப்ரலில் போட்டார்கள். அதில் உயிர்க் காட்சி எது? ராட்டினத்துக்காரனும் ஆலைத் தொழிலாளிப் பெண்ணும் பூ உதிரும் மரத்தடியில் உட்கார்ந்து பேசும் காட்சி. அது மோல்நாரின் நாடகத்தில் அப்படியே இருக்கிறது, பூ உதிர்வது உட்பட! பேச்சு பாட்டாகி, பாட்டு பேச்சாகி, மறுபடி பாட்டாகிப் பன்னிரண்டு நிமிடம் போல ஓடும். இங்கே எந்த இடைவெளிக்குள்ளும் போகவில்லை, மூல நாடகத்தின் சிறந்த காட்சியையே நேராக எடுத்து இசையாக்கியிருக்கிறார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அரங்கப்பிரியன்:

நல்ல கேள்வி. ஆனால் அந்தக் காட்சி என் பக்கம்தான் சாய்கிறது. அவர்கள் பாடுவது என்ன? ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று இல்லை. ‘ஒருவேளை உன்னைக் காதலித்திருந்தால் என்ன செய்திருப்பேன் தெரியுமா’ என்று. இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள மறுப்பதைச் சுற்றிச் சுற்றிப் பாடுகிறார்கள். மோல்நாரின் வசனத்தில் இருவரும் அதைச் சொல்லாமலே எழுந்துவிடுகிறார்கள். அப்போது இடைவெளி அங்கத்துக்கும் அங்கத்துக்கும் நடுவில் மட்டும் இல்லை, ஒருவர் மனசுக்கும் அவர் வாய்க்கும் நடுவிலும் இருக்கிறது. ஹாமர்ஸ்டைன் இரண்டாவதில் இறங்கினார். அதே மனிதரால் ‘பிக்மேலியன்’ செய்ய முடியாமல் போனதற்கும் எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். ஷாவின் ஆட்கள் மனசில் உள்ளதை வாயில் வைத்துக்கொள்ளாமல் கொட்டிவிடுகிறவர்கள். அவர்களுக்கு உள்ளே இடைவெளி குறைவு. வெளியேதான் தேட வேண்டியிருந்தது.

‘ஓக்லஹோமா!’வில் இன்னும் விசித்திரமான இடத்தில் பாட்டைக் கண்டுபிடித்தார்கள். லின் ரிக்ஸ் எழுதிய ‘கிரீன் குரோ த லைலாக்ஸ்’ (1931) அறுபத்துநான்கே காட்சிகள் ஓடிய நாடகம். ரிக்ஸ் செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி வழிவந்தவர், அந்த மண்ணிலேயே பிறந்தவர். நாடகத்தின் முதல் பக்கத்தில், யாரும் வாய் திறப்பதற்கு முன்னால், மேடைக் குறிப்பாக அந்தக் கோடைக் காலையை, மாடுகளை, இளம் சோளப் பயிரை, ஓடைகளை எல்லாம் அவர் வர்ணித்திருப்பார். வாசிப்பவருக்கு மட்டும் கிடைக்கும் பத்தி அது, பார்வையாளருக்குக் கிடைக்காது. ஹாமர்ஸ்டைன் அதைப் படித்துவிட்டு, இதை வீணாக்குவதா என்று அதையே முதல் பாட்டாக்கினார். திரை உயரும்போது ஒரு வயதான பெண்மணி வெண்ணெய் கடைந்துகொண்டிருக்கிறார், மேடைக்கு வெளியிலிருந்து ஓர் ஆண் குரல், துணைக்கு வாத்தியம்கூட இல்லாமல், காலையைப் பற்றிப் பாடிக்கொண்டே வருகிறது. ஆட்டக்காரிகள் வரிசையாக வந்து ஆடித் தொடங்கும் வழக்கம் இருந்த காலத்தில், 1943இல், இது எவ்வளவு துணிச்சல்! 2,212 காட்சிகள்.

சிங்கை_வாசகர்:

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். மனசுக்கும் வாய்க்கும் நடுவில் உள்ள இடைவெளி என்றதும் ‘ஸ்பிரிங் அவேக்கனிங்’ ஞாபகம் வந்துவிட்டது. ஃப்ராங்க் வேடகிண்ட் 1890 வாக்கில் எழுதிய ஜெர்மன் நாடகம், பருவ வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் எதையும் சொல்லாமல் மூடி மறைப்பதால் அவர்கள் வாழ்க்கை நாசமாவது பற்றியது. தணிக்கை பயத்தில் 1906 வரை மேடையே ஏறவில்லை. 2006இல் ஸ்டீவன் சேட்டர் வரிகளும் டங்கன் ஷீக் இசையுமாக பிராட்வேக்கு வந்தது. பிள்ளைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளிச் சீருடையில் லத்தீன் பாடம் ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள், திடீரென்று ஒருவன் சட்டைக்குள்ளிருந்து கை மைக்கை எடுத்து ராக் பாட்டுப் பாட ஆரம்பிப்பான். வாத்தியார் அங்கேயே நிற்பார், அவருக்குக் கேட்காது. கதை ஓர் அங்குலம் நகராது. பாட்டு முடிந்ததும் மைக் உள்ளே போய்விடும், மறுபடி 1890கள். பாட்டு கதையை நகர்த்த வேண்டும் என்று ‘ஓக்லஹோமா!’ காலத்திலிருந்து சொல்லிவந்ததை அவர்கள் வேண்டுமென்றே செய்யவில்லை, அதுதான் அந்த நாடகத்துக்குப் பொருத்தம், ஏனென்றால் அந்தப் பிள்ளைகளுக்கு வெளியே பேச இடமே இல்லை.

ஆனால் தேன்மொழி எழுப்பிய பிரச்சினை இங்கேயும் உண்டு. வைக்கோல் பரணில் நாயகன் மெல்கியோர் வெண்ட்லா என்ற பெண்ணிடம் நடந்துகொள்வது வேடகிண்டின் நாடகத்தில் வன்முறை. மியூசிக்கலில் அது இருவர் சம்மதத்தோடு நடப்பதாக மெதுவாக்கப்பட்டது. அந்தப் பையனை நமக்குப் பிடிக்க வேண்டும், அவன்தான் அதிகம் பாடுகிறவன். பாடுகிறவனை வெறுக்கப் பார்வையாளர்களால் முடிவதில்லை, அதனால் மூலத்தின் கூர்மையை மழுங்கடிக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

தேன்மொழி_கோவை:

ஆமாம், அதே வியாதிதான். ‘லிலியோம்’ முடிவிலும் அதைத்தானே செய்தார்கள்? மோல்நாரின் நாயகன் செத்த பிறகு ஒரு நாள் பூமிக்குத் திரும்பி வந்து மகளையே அறைந்துவிட்டுத் தோற்றுப்போனவனாக இழுத்துச் செல்லப்படுகிறான். ‘கேரசல்’ அவனுக்கு ஈடேற்றம் கொடுக்கிறது.

பழைய_ரிக்கார்டு:

கொடுக்கிறது, ஆனால் மோல்நார் அப்போது நியூயார்க்கில்தான் இருந்தார், ஒத்திகைக்கு வந்து பார்த்து, மாற்றிய முடிவைப் பாராட்டவும் செய்தார். அதற்கு முன் ஆப்பரா இசையமைப்பாளர் புச்சீனி கேட்டே உரிமை தராத மனிதர் அவர். ஆசிரியர் சம்மதித்த மாற்றத்தையும் ஆசிரியர் இறந்த பிறகு செய்த மாற்றத்தையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அப்புறம் அது 1945 ஏப்ரல், போர் இன்னும் முடியவில்லை. அரங்கில் இருந்தவர்களில் எத்தனையோ பேருக்கு வீட்டில் ஒரு சாவு. அவர்களுக்கு முன்னால் மோல்நாரின் முடிவைப் போட எனக்கும் கை வந்திருக்காது.

மேடைக்குப்பின்:

தோற்ற ஒன்றையும் பேசலாமே. ‘மெரிலி வீ ரோல் அலாங்’. 1934இல் ஜார்ஜ் எஸ் காஃப்மனும் மாஸ் ஹார்ட்டும் எழுதிய நாடகம், கதை பின்னோக்கி நகரும், கசந்துபோன நடுவயதிலிருந்து இளமைக்கு. (இந்த ஹார்ட்தான் பின்னாளில் ‘மை ஃபேர் லேடி’யை இயக்கினார்.) அதை 1981இல் ஸ்டீஃபன் சோந்தைம் இசையில், ஹெரால்ட் பிரின்ஸ் இயக்கத்தில் போட்டார்கள். திறப்புக்குப் பிறகு பதினாறே காட்சிகள். சின்னப் பிள்ளைகளை நடுவயதுக்காரர்களாக நடிக்கவைத்தார்கள், யார் யார் என்று பார்வையாளருக்குப் புரியாமல் சட்டையில் பெயர் எழுதிப் போட்டுக்கொள்ளும் நிலை வந்தது. ஆனால் பாட்டுகள் சாகவில்லை. சோந்தைமும் கதை-வசனம் எழுதிய ஜார்ஜ் ஃபர்த்தும் விடாமல் திருத்திக்கொண்டே இருந்தார்கள். மரியா ஃப்ரீட்மன் இயக்கி 2023இல் பிராட்வேக்குத் திரும்பி வந்தபோது அரங்கு நிறைந்தது, 2024இல் சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி விருது (பிராட்வே நாடகங்களுக்குத் தரும் பெரிய விருது). எழுதியவர்கள் இருவருமே அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இதில் இடைவெளி எங்கே என்று அரங்கப்பிரியனைக் கேட்கிறேன்.

அரங்கப்பிரியன்:

காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் வருடங்கள் உதிர்கின்றனவே, அதுதான். நாடகம் வருடத்தைத் தாண்டிக் குதிக்கும், சோந்தைம் அந்தத் தாவலிலேயே ஒரு பாட்டை வைத்து, எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்று ஒவ்வொரு முறையும் கேட்கவைத்தார். பின்னால் உடைந்துபோகும் ஒரு மெட்டை நாம் முதலில் உடைந்த வடிவில் கேட்டுவிடுகிறோம், பிறகுதான் அது முழுசாக இருந்த நாள் வருகிறது. வசனத்தால் இதைச் செய்யவே முடியாது, மெட்டுக்கு மட்டும்தான் இந்த ஞாபகசக்தி உண்டு.

பாட்டு யாருக்கு என்பதே தீர்ப்பு என்ற தேன்மொழியின் கருத்தையும் என் கட்சியோடு சேர்த்துக்கொள்கிறேன். இடைவெளியைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அதற்குள் யாரை அனுப்புகிறோம் என்பதும் இருக்கிறது. ‘மை ஃபேர் லேடி’யின் கடைசி இடைவெளியில் எலைசாவை அனுப்பியிருந்தால் அது வேறு மியூசிக்கல்.

புதியவன்77:

நான் எங்கிருந்து ஆரம்பிப்பது? ஒரு நாடகமும் அதன் மியூசிக்கலும் சேர்த்துப் படிக்க நினைக்கிறேன், ‘பிக்மேலியன்’ தவிர வேறு.

சிங்கை_வாசகர்:

லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ (1959). சிகாகோவில் ஒரு கறுப்பினக் குடும்பம், கதை முழுக்க ஒரே வீட்டுக்குள், ஜன்னலோரம் அம்மா வளர்க்கும் வாடிய செடி. அது 1973இல் ‘ரெய்சின்’ என்று மியூசிக்கலாகி, சிறந்த மியூசிக்கலுக்கான டோனி வாங்கியது. முதலில் நாடகத்தைப் படியுங்கள், ஒவ்வொரு அங்கத்துக்கும் நடுவில் யார் எங்கே போய்வந்தார்கள் என்று ஓரத்தில் எழுதுங்கள். அதற்கப்புறம் இசைத்தட்டைக் கேளுங்கள். தேவாலயக் காட்சி எங்கிருந்து முளைத்தது என்று தெரியும். அம்மா அந்தச் செடிக்குப் பாடும் பாட்டு மட்டும் இடைவெளியிலிருந்து வந்ததில்லை, நாடகத்தில் கண்ணெதிரே இருந்த பொருளிலிருந்தே வந்தது. அரங்கப்பிரியன் அதற்கு என்ன சமாதானம் சொல்லப்போகிறார் என்று பார்ப்போம்.

அரங்கப்பிரியன்:

அந்தச் செடிக்கு அவர் ஏன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார் என்பதை நாடகத்தில் ஓரிரு வரியில் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். மீதியைப் பாட்டு சொல்கிறது. புதியவன், படித்துவிட்டு எந்தப் பக்கம் என்று நீங்களே இங்கே எழுதுங்கள்.